எல்லை தாண்டாத குண்டுகள்: ‘இந்தியன் கிரானிக்கிள்ஸ்’ அறிக்கையை மறுபடி படித்தபோது

சில அறிக்கைகளை வந்த சூட்டோடு படித்தால் ஒன்று தெரியும். சில வருடம் ஆறவிட்டுப் படித்தால் வேறொன்று தெரியும். 2020 டிசம்பரில் வெளியான ‘இந்தியன் கிரானிக்கிள்ஸ்’ எனக்கு அப்படித்தான் ஆகிவிட்டது. அப்போது படித்துவிட்டு, ‘அட, இவ்வளவு வேலை பாத்திருக்காங்களா’ என்று வியந்து மூடிவைத்தேன். 2025 மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடந்த நான்கு நாள் சண்டைக்குப் பிறகு மறுபடி எடுத்தேன். இந்த முறை ஒரு சந்தேகம் வந்தது. இதை நாம் எல்லோரும் தப்பான பக்கத்திலிருந்து படித்துவிட்டோமோ?

அந்தச் சந்தேகத்தைத்தான் இங்கே குறித்துவைக்கிறேன். கொஞ்சம் நீளமான குறிப்பு. நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியையாவது படித்துவிடுங்கள், அதில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது.

இறந்துபோன பேராசிரியர்

முதலில் அறிக்கை என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பிரஸ்ஸல்ஸில் ஈயூ டிஸ்இன்ஃபோலேப் என்று ஒரு தன்னார்வ அமைப்பு இருக்கிறது. பொய்ச்செய்தி வலைப்பின்னல்களைத் தோண்டி எடுப்பது அவர்கள் வேலை. 2019இல் ‘ஈபி டுடே’ என்ற இணையதளம் அவர்கள் கண்ணில் பட்டது. பெயரைப் பார்த்தால் ஐரோப்பிய நாடாளுமன்றச் செய்திகளைத் தரும் பத்திரிகை மாதிரி இருக்கும். உள்ளே போனால் ரஷ்யா டுடே, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா போன்ற இடங்களிலிருந்து அள்ளிப்போட்ட செய்திகள். அதற்கு நடுவே பாகிஸ்தானில் சிறுபான்மையினர் படும் பாடு பற்றி வழக்கத்துக்கு மாறாக நிறையக் கட்டுரைகள். ஒரு ஐரோப்பியப் பத்திரிகைக்கு ஏன் இவ்வளவு அக்கறை? அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 65க்கும் மேற்பட்ட நாடுகளின் பெயரில் 265 போலி உள்ளூர்ச் செய்தித்தளங்கள் கிடைத்தன. பல தளங்களுக்கு, எப்போதோ நின்றுபோன பழைய பத்திரிகைகளின் பெயர். சிலவற்றுக்கு உண்மையான பத்திரிகையின் பெயரைக் கொஞ்சம் மாற்றிவைத்த பெயர்.

அடுத்த வருடம் வந்த ‘இந்தியன் கிரானிக்கிள்ஸ்’ இதன் பெரிய வடிவம். 2005இலிருந்து 15 வருடமாக நடந்த வேலை, 750க்கும் மேற்பட்ட போலி ஊடகங்கள், 119 நாடுகள் என்று கணக்குச் சொன்னது. டெல்லியைச் சேர்ந்த ஸ்ரீவஸ்தவா குழுமத்தோடு இந்த வலைப்பின்னலை இணைத்தது. இந்திய அரசுதான் செய்தது என்று மட்டும் சொல்லவில்லை. ‘இந்திய நலன்களுக்குச் சேவை செய்யும் வகையில்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. கையில் இருக்கும் ஆதாரம் எதுவரை போகிறதோ அதுவரைதான் போவேன் என்ற அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

அறிக்கையில் யாரும் மறக்க முடியாத பகுதி, லூயி சோன் விவகாரம். சர்வதேச மனித உரிமைச் சட்டத்தின் முன்னோடிகளில் ஒருவர், ஹார்வர்டில் பாடம் நடத்தியவர். 2006இல் காலமாகிவிட்டார். ஆனால் 2007இல் ஐ.நா. மனித உரிமை மன்றக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. 2011இல் வாஷிங்டனில் கில்கிட்-பல்திஸ்தான் பற்றி நடந்த நிகழ்ச்சியிலும் இருக்கிறது. ஒருகாலத்தில் அவர் தலைமை வகித்த அமைப்பு 1970களிலேயே ஓய்ந்துவிட்டது. அதன் ஐ.நா. அங்கீகாரம் மட்டும் எங்கோ ஒரு கோப்பில் உயிரோடு இருந்திருக்கிறது. 2005இல் யாரோ அந்தப் பெயரைத் தூசி தட்டி எடுத்து உடுத்திக்கொண்டார்கள். இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள்.

செத்தவர் பெயரில் ரேஷன் வாங்குவது நமக்குத் தெரியும். செத்தவர் பெயரில் ஓட்டுப் போடுவதும் தெரியும். செத்தவர் பெயரில் ஜெனீவாவுக்கே போய்வந்திருக்கிறார்கள்.

சலவைக் கணக்கு

இந்த வலைப்பின்னல் எப்படி ஓடியது என்பதைப் படிப்படியாகக் காட்டியதுதான் அறிக்கையின் பெரிய சாதனை என்று நினைக்கிறேன். கருப்புப் பணத்தை வெள்ளையாக்குகிற மாதிரிதான்.

முதலில் ஜெனீவாவில் ஐ.நா. அங்கீகாரம் பெற்ற ஏதோ ஒரு அமைப்பின் பெயரில் ஒருவர் எழுந்து பாகிஸ்தானைப் பற்றிப் பேசுவார். அல்லது பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரிடமிருந்து ஒரு கட்டுரை வாங்கப்படும். அது ‘ஈபி டுடே’யில் வரும். 2019இல் குட்டு உடைந்து அந்தத் தளம் மூடப்பட்ட பிறகு, 2020இல் ‘ஈயூ கிரானிக்கிள்’ என்று புதுப்பெயரில் இன்னொன்று முளைத்தது. அங்கே வந்ததை ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் எடுத்துப் போடும். ஏ.என்.ஐ. போட்டதை இந்தியாவின் நாளிதழ்களும் செய்தித்தளங்களும் எடுத்துப் போடும். கடைசியில் நம் கைக்கு வரும்போது அது ‘ஐரோப்பா பாகிஸ்தானைக் கண்டிக்கிறது’ என்ற செய்தி. ஐரோப்பாவில் எத்தனை பேர் கண்டித்தார்கள்? ஒரு உறுப்பினர், தன் சொந்தப் பெயரில். அதுவும் கேட்டு வாங்கிய கட்டுரை.

ஒவ்வொரு படியிலும் யாரும் முழுப்பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பேசியவர் உண்மையிலேயே பேசினார். எழுதியவர் எழுதினார். செய்தி நிறுவனம் ‘இன்ன பத்திரிகையில் இப்படி வந்திருக்கிறது’ என்றுதான் சொன்னது. அந்தப் பத்திரிகை பத்திரிகையே இல்லை என்பது மட்டும்தான் பொய்.

இந்த அறிக்கை வெளிவந்ததும் என்ன நடந்தது? பாகிஸ்தான் அமைச்சர்கள் பத்திரிகையாளர் சந்திப்பு வைத்து, நாங்கள் அன்றே சொன்னோமே என்றார்கள். இந்திய வெளியுறவுத் துறை, பொறுப்புள்ள ஜனநாயகமான நாங்கள் இப்படியெல்லாம் செய்வதில்லை, பொய்ப் பிரச்சாரத்துக்கு உதாரணம் வேண்டுமானால் பக்கத்து நாட்டைப் பாருங்கள் என்றது. இரண்டு பேருக்கும் அறிக்கை வசதியாகிவிட்டது. ஒருவருக்கு ஆயுதமாக, இன்னொருவருக்குச் சதிக்குச் சான்றாக.

பக்கத்து நாடு யோக்கியமா என்று கேட்டால், அதுவும் இல்லை. 2019 ஏப்ரல் 1 அன்று ஃபேஸ்புக் ஒரே நாளில் சில வலைப்பின்னல்களை நீக்கியது. அதில் 103 பக்கங்கள், குழுக்கள், கணக்குகள் பாகிஸ்தான் ராணுவத்தின் செய்திப் பிரிவில் வேலை பார்த்தவர்களோடு தொடர்புள்ளவை. காஷ்மீர் செய்திகள், கில்கிட் செய்திகள் என்ற பெயரில் சாதாரண ஊர்க்காரர் நடத்தும் பக்கம் போல நடத்தப்பட்டவை. அதே அறிவிப்பில் இந்தியாவின் காங்கிரஸ் கட்சித் தகவல் தொழில்நுட்பப் பிரிவோடு தொடர்புள்ளவர்கள் நடத்திய 687 பக்கங்களும் கணக்குகளும், பாஜக ஆதரவுப் பக்கங்கள் நடத்திய ஒரு தனியார் நிறுவனத்தோடு தொடர்புள்ள 15ம் இருந்தன. டிஸ்இன்ஃபோலேப் அறிக்கையை மட்டும் படித்தால் பாகிஸ்தான் வெறும் பலியாடாகத் தெரியும். அது அறிக்கையின் நோக்கம் இல்லைதான். ஆனால் படிப்பவர் மனதில் அப்படித்தான் பதிகிறது.

எண்ணிக்கையில் வந்த கோளாறு

இப்போது என் முதல் குறை. 750 ஊடகம், 119 நாடு என்பதெல்லாம் தலைப்புக்கு நன்றாக இருக்கிறது. செய்தி போட்ட எல்லோரும் அதைத்தான் தலைப்பாக வைத்தார்கள். ஆனால் கடை எத்தனை என்று எண்ணிவிட்டால் வியாபாரம் எவ்வளவு என்று தெரிந்துவிடுமா? ‘டைம்ஸ் ஆஃப் ஜெனீவா’ என்ற தளத்தை ஜெனீவாவில் யார் படித்தார்கள்? அந்த ஊர்க்காரருக்குச் சொந்தப் பத்திரிகை இருக்கிறது. ஒரு இணைய முகவரி பதிவதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். அதை நூற்றுக்கணக்கில் பதிந்தவர் உழைப்பாளிதான், சந்தேகமில்லை. அதனாலேயே அவர் சக்திவாய்ந்தவர் ஆகிவிடமாட்டார்.

இரண்டாவது குறை இதைவிட முக்கியம். அறிக்கையின் துணைத்தலைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தையும் ஐ.நா.வையும் குறிவைத்த நடவடிக்கை என்கிறது. உள்ளே, இந்தியாவுக்குள் பாகிஸ்தான் எதிர்ப்பு உணர்வை வலுப்படுத்துவதும் ஒரு நோக்கம் என்று எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் அது பட்டியலில் ஒரு வரியாகப் போய்விடுகிறது. அவர்கள் பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள், தங்கள் வீட்டுக் கூரையில் விழுந்த கல்லைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் வரைந்த அதே சலவைப் பாதையைத் திரும்பிப் பாருங்கள். ஆறு எங்கே போய்ச் சேருகிறது? ஜெனீவாவில் தொடங்கி, பிரஸ்ஸல்ஸ் வழியாக, டெல்லிக்கு வந்து, அங்கிருந்து நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வருகிறது. ஐரோப்பா இதில் குறி என்பதைவிடப் பின்னணித் திரை என்று சொன்னால்தான் பொருந்தும். ஸ்டூடியோவில் தாஜ்மகால் படுதாவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கிற மாதிரி. போட்டோவைப் பார்க்கப்போவது ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள்.

ஜன்னல் சோதனை

இது என் ஊகம்தானே, எப்படி நிரூபிப்பது என்று நீங்கள் கேட்கலாம். நான் ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறேன். ஒரு பொய்யை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரி நாட்டுக்காரர் தன் வீட்டு ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்த்தாலே அது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிடுமா? தெரிந்துவிடும் என்றால், அந்தப் பொய் அவருக்காகச் சொல்லப்பட்டது இல்லை.

2025 மே 8 இரவை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 22இல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மே 7 அதிகாலையில் இந்தியா ‘ஆபரேஷன் சிந்தூர்’ தொடங்கியது. மறுநாள் இரவு நம் சேனல்கள் பலவற்றில் கராச்சித் துறைமுகம் தாக்கப்பட்டது, இஸ்லாமாபாத் வீழ்ந்தது, பாகிஸ்தான் ராணுவத் தளபதி கைது என்று வரிசையாக வந்தது. எதுவுமே நடக்கவில்லை. கராச்சி எரிகிறது என்று பரவிய வீடியோக்களில் ஒன்று, அதே வருடத் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் விமானம் விழுந்து எரிந்த இடத்தில் எடுத்தது. இந்தப் பொய்யால் கராச்சிக்காரரை ஏமாற்ற முடியுமா? அவர் மொட்டை மாடிக்குப் போனால் போதும். அவர்கள் அன்றிரவு இதை வைத்து மீம்ஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நாம்தான்.

எதிர்ப்பக்கமும் அதே கதை. பிரிட்டனின் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை பாகிஸ்தான் விமானப்படையை வானத்து ராஜா என்று புகழ்ந்து எழுதியதாக ஒரு முதல் பக்கப் படம் சுற்றியது. போலியாகத் தயாரிக்கப்பட்டது. பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் இஷாக் தார் அதைச் செனட் சபையில் பெருமையாக எடுத்துச் சொன்னார். அப்படி ஒரு பக்கமே வரவில்லை என்று காட்டியது பாகிஸ்தானின் சொந்தப் பத்திரிகையான டான். லண்டன்காரரிடம் இந்தப் பொய் செல்லுமா? இந்தியாவிடம்? இரண்டுமில்லை. அது இஸ்லாமாபாத்தில் தயாராகி இஸ்லாமாபாத்திலேயே செலவானது. பாகிஸ்தான் அரசின் அதிகாரபூர்வ எக்ஸ் கணக்கு, ஆர்மா 3 என்ற வீடியோ கேம் காட்சியைப் போர்க்காட்சி போலப் பகிர்ந்ததும் இந்த வகைதான். 2019 பாலாகோட் சமயத்தில் இதே விளையாட்டின் முந்தைய பதிப்புக் காட்சி இந்தியாவில் பரவியது. இரண்டு நாட்டுக்கும் சண்டை, ஆனால் பொய் சொல்ல ஒரே வீடியோ கேம்.

இதனால்தான் ‘தகவல் போர்’ என்ற சொல்லே எனக்கு இடிக்கிறது. போர் என்றால் இவன் அவனைச் சுடுவான், அவன் இவனைச் சுடுவான். இங்கே இரண்டு பேரும் எல்லையைப் பார்த்து நின்றுகொண்டு தத்தம் வீட்டுக்குள் சுடுகிறார்கள். எதிராளியின் பொய், நம் பொய்க்குச் சாக்காகிறது. அவ்வளவுதான் எல்லைக்கு இங்கே வேலை.

தாண்டிய பொய்யும் உண்டு

நேர்மையாக என் வாதத்துக்கு எதிரான உதாரணங்களையும் சொல்லிவிட வேண்டும்.

2017 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் பாகிஸ்தான் தூதர் மலீஹா லோதி, முகமெல்லாம் காயத்தோடு இருக்கும் ஒரு பெண்ணின் படத்தைத் தூக்கிக் காட்டி, இதுதான் காஷ்மீரில் இந்தியாவின் முகம் என்ற பொருளில் பேசினார். அது 2014இல் காசாவில் ஹைடி லெவின் எடுத்த பாலஸ்தீனப் பெண்ணின் படம். இது வெளியாருக்காகச் சொன்ன பொய்தான், சந்தேகமில்லை. ஆனால் உடனே அம்பலமானது. காஷ்மீரில் பெல்லட் குண்டால் உண்மையிலேயே பார்வை இழந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் கதைக்குத்தான் அடி.

இன்னொன்று 2012 ஆகஸ்ட். அசாம் கலவரத்தை ஒட்டி, மியான்மர் முஸ்லிம்களின் படங்கள் என்று பொய்யான படங்கள் இணையத்தில் பரவின. வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படப்போகிறார்கள் என்று குறுஞ்செய்தி கிளம்பியது. பெங்களூரு, புனே, சென்னை ஆகிய ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கிடைத்த ரயிலில் ஏறினார்கள். ரயில் நிலையத்தில் மூட்டைகளோடு நின்ற அந்தக் கூட்டத்தின் படங்கள் இன்னும் ஞாபகத்தில் இருக்கின்றன. படங்கள் பெரும்பாலும் பாகிஸ்தானிலிருந்து ஏற்றப்பட்டவை என்று இந்திய உள்துறை சொன்னது. அப்படியானால் இது எல்லை தாண்டிய குண்டு.

ஆனால் அது ஏன் வெடித்தது? நம் ஊர்களில் வேலை பார்க்கும் வடகிழக்குப் பிள்ளைகளை நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம், வாடகைக்கு வீடு கேட்டால் எப்படி நடத்துகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். ‘இந்த ஊர் நம்மைக் காப்பாற்றாது’ என்ற பயம் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது. வைக்கோல் இங்கே காய்ந்து கிடந்தது, பொறிதான் வெளியிலிருந்து வந்தது. அரசு அப்போது என்ன செய்தது? ஒரு நாளைக்கு ஐந்து குறுஞ்செய்திக்கு மேல் மொத்தமாக அனுப்பக்கூடாது என்றது, முந்நூறு வலைப்பக்கங்கள் போல முடக்கியது. பெங்களூரில் இருக்கும் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம் அந்தப் பட்டியலை ஆராய்ந்தபோது, வதந்தி பொய் என்று விளக்கிய பக்கங்களும் அதில் மாட்டியிருந்தது தெரிந்தது.

அதனால் என் வாதத்தை இப்படித் திருத்திக்கொள்கிறேன். எல்லை தாண்டி வரும் பொய்யும் உண்டு. ஆனால் அது பிழைப்பதற்கு இங்கே ஏற்கெனவே ஒரு புண் இருக்க வேண்டும்.

மௌனத்தின் பங்கு

பொய்யைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாகப் பேசாத விஷயம் ஒன்று உண்டு. அரசு வாயை மூடிக்கொண்டிருப்பது.

2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் இந்திய விமானப்படையின் எம்.ஐ.17 ஹெலிகாப்டர் விழுந்து ஆறு வீரர்களும் ஒரு பொதுமகனும் இறந்தார்கள். நம் ஏவுகணையே அதை வீழ்த்தியது. அதை விமானப்படைத் தளபதி வெளிப்படையாக ஒப்புக்கொண்டது அந்த வருடம் அக்டோபரில். ஏழு பேர் குடும்பம், ஏழு மாதத்துக்கு மேல். நடுவில் ஒரு பொதுத்தேர்தலே நடந்து முடிந்துவிட்டது. அதே பிப்ரவரி 27இல் பாகிஸ்தான் ராணுவச் செய்தித் தொடர்பாளர் இரண்டு இந்திய விமானிகள் பிடிபட்டதாகச் சொல்லிவிட்டு, மாலையில் ஒருவர்தான் என்று திருத்தினார். அந்த இரண்டாவது விமானி எங்கே என்ற கதைகள் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தன.

2025இல் இந்தியா போர்விமானங்களை இழந்ததா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் மே 31 அன்றுதான் வந்தது. முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான், சிங்கப்பூரில், ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சியிடம், இழந்தோம் என்று ஒப்புக்கொண்டார். பாகிஸ்தான் சொன்ன ஆறு என்ற எண்ணிக்கையை மறுத்தார். அதே சிங்கப்பூர்ப் பயணத்தில், படைகளின் உழைப்பில் 15 சதவீதம் பொய்ச்செய்திகளை எதிர்கொள்வதிலேயே போனது என்றும் சொன்னார். எனக்கு உறுத்துவது அந்த இரண்டு கூற்றும் ஒரே பயணத்தில் வந்ததுதான். மூன்று வாரம் உண்மையைச் சொல்லாமல் இருந்தால் அந்த இடத்தில் பொய் வந்து குடியேறத்தான் செய்யும். பாகிஸ்தான் பாதுகாப்பு அமைச்சர் கவாஜா ஆசிஃபிடம், விமானங்களை வீழ்த்தியதற்கு ஆதாரம் எங்கே என்று சி.என்.என். கேட்டபோது, சமூக ஊடகத்தில் இருக்கிறதே என்றார். ஒரு நாட்டின் அமைச்சரே அப்படி!

தேதிகளையும் பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து முடக்கிவைத்திருந்த எக்ஸ் தளத்தைப் பாகிஸ்தான் 2025 மே 7 அன்று திறந்துவிட்டது. இந்தியா 8,000க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கச் சொன்னதாக எக்ஸ் நிறுவனம் மே 8 அன்று அறிவித்தது. ஒருவர் கதவைத் திறந்தார், ஒருவர் சாத்தினார். உண்மைக்காக என்று இரண்டையுமே சொல்ல முடியாது.

உண்மையான குரலுக்கு என்ன ஆகிறது

டிஸ்இன்ஃபோலேப்காரர்கள் ஒரு எச்சரிக்கை எழுதியிருந்தார்கள். இந்த அறிக்கையை வைத்துச் சிறுபான்மை இயக்கங்களையும் மனித உரிமை அமைப்புகளையும் இழிவுபடுத்த வேண்டாம் என்று. நியாயமான எச்சரிக்கை. யார் கேட்டார்கள்?

பலூசிஸ்தானில் காணாமல் போனவர்கள் உண்மையிலேயே காணாமல் போனவர்கள். 2023 கடைசியில் மஹ்ரங் பலூச் தலைமையில் பெண்கள் அங்கிருந்து இஸ்லாமாபாத் வரை ஊர்வலமாக வந்தார்கள், கையில் அண்ணன் தம்பி, அப்பா படங்களோடு. பாகிஸ்தானில் அவர்களுக்குக் குத்தப்படும் முத்திரை, இந்தியாவின் கைக்கூலிகள். 2025 மார்ச்சில் மஹ்ரங் கைது செய்யப்பட்டார். செத்த அமைப்புகளின் பெயரில் ஜெனீவாவில் பலூச் பிரச்சினையைப் பேசவைத்தவர்கள், அந்த முத்திரைக்கு மை ஊற்றிக் கொடுத்தவர்கள். நண்பர் மாதிரி வந்து குழி பறிப்பது என்பது இதுதான். இந்தப் பக்கம் காஷ்மீரில் ஒருவர் தன் பிள்ளையைப் பற்றிக் கேட்டாலும் பாகிஸ்தான் குரல் என்று சொல்லிவிடலாம். அதற்கு மை ஊற்ற லோதி காட்டிய படம் ஒன்று போதும்.

750 தளங்களை எண்ணியவர்கள் இதையும் எண்ண முயன்றிருக்கலாம் என்பதுதான் என் மூன்றாவது குறை. எண்ணுவது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கக் கருவி இருக்கிறது. ஒரு அம்மாவின் பேச்சு எத்தனை காதுகளில் ஏறாமல் போனது என்று பார்க்கக் கருவி இல்லை. ஆனாலும் எதை எண்ண முடிகிறதோ அதுதான் விஷயம் என்று ஆகிவிடக்கூடாது இல்லையா?

என் கணக்கு

இனி என் விஷயம்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முப்பத்திச் சொச்சம் பேர். மே 7 இரவோ, 8 காலையோ, ஒரு படம் வந்தது. தாடி வைத்த ஒருவர். பாகிஸ்தானில் இருந்த பயங்கரவாதத் தளபதி நம் தாக்குதலில் செத்தான் என்று டிவியில் காட்டியதன் ஸ்க்ரீன்ஷாட். மதுரைச் சித்தப்பா அனுப்பியது. வரிசையாகக் கைதட்டல்கள். நானும் ஒன்று போட்டேன். ஆராய்ச்சிக் குறிப்பு எழுதுகிறவன், ‘இந்தியன் கிரானிக்கிள்ஸ்’ படித்தவன், ஒரு நொடி யோசிக்கவில்லை.

அவர் பாகிஸ்தான்காரர் இல்லை. இந்தியாவில், பூஞ்ச் ஊரில், ஒரு மதரசாவில் பாடம் நடத்திய ஆசிரியர். மே 7 அன்று எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பாகிஸ்தான் குண்டுவீச்சில் இறந்தார். இந்திய ஆசிரியர், பாகிஸ்தான் குண்டில் செத்தவர், நம் தொலைக்காட்சியில் பாகிஸ்தான் பயங்கரவாதி ஆனார். அந்தச் செய்தி பொய் என்று பூஞ்ச் காவல்துறை அறிக்கை விட்டது. ஜூன் கடைசியில் அங்கிருந்த நீதிமன்றம் சேனல்கள்மீது வழக்குப் பதியச் சொன்னது. பாகிஸ்தான் குண்டு அவர் உயிரை எடுத்தது. நம்முடையது அவர் பெயரை எடுத்தது. ஜன்னல் சோதனையை இங்கே போட்டுப் பாருங்கள். பூஞ்சில் அவரிடம் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும் அவர் யார் என்று. நமக்குத்தான் தெரியாது. இந்தப் பொய் நமக்காகவே தயாரானது.

விஷயம் தெரிந்ததும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

“சித்தப்பா, அன்னைக்கு நீங்க அனுப்புன படம், அது நம்ம ஊரு வாத்தியாரு. பாகிஸ்தான் குண்டுல செத்தவரு.”

“அப்படியா? டிவியிலதானப்பா காட்டுனான்.”

“டிவியில தப்பாக் காட்டிட்டாங்க. போலீஸே சொல்லிருச்சு.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அவங்க மட்டும் பொய் சொல்லலையா?” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சமாதானமாகத்தான் சொன்னார். நானும் அதற்குப் பதில் சொல்லவில்லை. சித்தப்பா ஏமாளி இல்லை, அதுதான் எனக்கு உறைத்தது. அது பொய்யாக இருக்கலாம் என்று அவருக்கும் ஓரளவு தெரியும். அவரைப் பொறுத்தவரை அது செய்தியே இல்லை, நம் பக்கம் நிற்பதற்கு ஒரு அடையாளம். திருநீறு பூசிக்கொள்கிற மாதிரி. அதைப் பொய் என்று சொல்கிறவன் தகவலைத் திருத்துகிறவனாகத் தெரியமாட்டான், பக்கம் மாறியவனாகத் தெரிவான். உண்மை கண்டறியும் தளங்கள் எவ்வளவு வேலை செய்தும் ஏன் பெரிதாக எதுவும் மாறவில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த விளக்கம் இதுதான்.

அதனால் இந்த மாதிரி அறிக்கை அடுத்து எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. யார் அனுப்பினார்கள், எத்தனை தளங்கள், எந்த நாட்டிலிருந்து என்று தேடுங்கள், வேண்டும்தான். கூடவே அது கடைசியில் யார் வீட்டுத் திண்ணையில் போய் விழுந்தது, யார் தலையில் விழுந்தது என்றும் எழுதுங்கள். பூஞ்சில் ஒரு வீடு, பட்காமில் சில வீடுகள், பெங்களூரில் ரயில் ஏறிய ஒரு பெண், இஸ்லாமாபாத் தெருவில் படத்தோடு நின்ற ஒரு தங்கை. இவர்களில் யாரும் எதிரி நாட்டுக்காரர் இல்லை. அவரவர் நாட்டின் குடிமக்கள்.

சித்தப்பாவிடம் பேசிய அன்று இரவு குழுவில் அந்தப் படத்தைத் தேடிப் போனேன். மேலே மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டியிருந்தது, நடுவில் ஒரு காதுகுத்து, இரண்டு பிறந்தநாள். கண்டுபிடித்து, என் கைதட்டலை எடுத்துவிட்டு, அதன் கீழே அவர் யார், எப்படி இறந்தார் என்று மூன்று வரி எழுதினேன். இரண்டு நீல டிக் வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சித்தப்பா மட்டும் ஒரு கைகூப்பும் படம் போட்டிருந்தார். அவர் அனுப்பிய படத்தை அழிக்கவில்லை. அழிக்கத் தெரியவில்லையா, மனசில்லையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.